பதிலுக்குக் காத்திருக்கிறோமா?

(காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

இறைவார்த்தை: மாற்கு 1:32-38



உங்களில் பலர் அடுப்படியில் நின்றுகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் பால் பொங்குகிறது, மறுபக்கம் குக்கர் விசில் அடிக்கிறது. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் சட்டையைத் தேடுகிறார். இந்த நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் கோபம்கூட வரலாம். ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் ஆண்டவரோடு தனியாக, அவசரம் இல்லாமல் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று?

இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவர் ஒரு பங்கு அம்மா. சில ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையின் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். காலையில் திருப்பலி, பிறகு பள்ளிக்கூட வேலை, அடக்கச் சடங்கு, வீடு மந்திரிப்பு, மாலையில் அன்பியக் கூட்டம். இரவு படுக்கப் போகும்போதுதான் அன்றைய கட்டளைச் செபம் பாதி நிற்பது ஞாபகம் வரும். ஒருநாள் அன்பியக் கூட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது, மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் அந்த அம்மா அருகில் வந்து கேட்டார்: “ஃபாதர், பிரசங்கத்துக்காக நீங்க பைபிள் படிக்கிறீங்க. உங்களுக்காக எப்ப படிப்பீங்க?”

குறை சொல்லும் எண்ணத்தில் அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மாதக்கணக்கில் நான் மற்றவர்களுக்குப் பரிமாறுவதற்காக மட்டுமே பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு வாய்கூட எடுத்து உண்ணவில்லை. அந்த அம்மாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நற்செய்திக்கு வருவோம்.

அது கப்பர்நாகும் ஊர். ஓய்வுநாள் முடிந்து பொழுது சாய்ந்ததும் நோயாளிகளையும் பேய் பிடித்தவர்களையும் அழைத்துக்கொண்டு ஊர் முழுவதும் சீமோன் வீட்டு வாசலில் கூடிவிட்டது. இயேசு பலரைக் குணமாக்கினார். அன்று இரவு அவர் எத்தனை மணிக்குப் படுத்திருப்பார்? ஆனால், பொழுது விடியுமுன்னே, இருள் கலையாத நேரத்தில் எழுந்து, ஆள் இல்லாத ஓர் இடத்துக்குப் போய்ச் செபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். சீமோனும் மற்றவர்களும் அவரைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள். எல்லாரும் உம்மைத்தான் தேடுகிறார்கள் என்கிறார்கள்.

அதற்கு இயேசு என்ன சொன்னார் என்பதைக் கவனியுங்கள். கூட்டம் காத்திருக்கிறது, இதோ வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், அங்கேயும் நான் நற்செய்தி அறிவிக்க வேண்டும், அதற்காகவே வந்தேன் என்கிறார். முந்தின இரவு வாசலில் நின்ற கூட்டம் அவரை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கலாம். நல்ல வேலைதானே, இங்கேயே இருந்துவிடலாமே என்ற எண்ணம் யாருக்கும் வரும். தந்தையோடு தனித்திருந்த அந்த விடியற்காலையில் அவருக்கு அடுத்த அடி தெளிவாயிற்று. கப்பர்நாகுமை விட்டுப் புறப்பட வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, நம்முடைய செபத்தில் குறைவது இதுதான் என்று நினைக்கிறேன். நாம் செபிக்காதவர்கள் அல்ல. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போகிறோம். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு மெழுகுதிரியும் பூமாலையுமாய்ப் போகிறோம். செபமாலை சொல்கிறோம். இவை எல்லாம் நல்லவை, இவற்றை விட்டுவிட வேண்டாம். ஆனால் நம் விண்ணப்பத்தைச் சொல்லி முடித்ததும் எழுந்துவிடுகிறோம். மருத்துவரிடம் போய், நம் நோயை எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டால் எப்படி இருக்கும்? பல நாள் நம் செபம் அப்படித்தான் இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் காத்திருந்த இடம் வேறெங்கோ இல்லை, நம்முடைய மயிலாப்பூர்தான்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து இறங்கினார். அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். தமிழில் செபங்களைப் பெயர்த்தெழுதச் செய்து மனப்பாடம் பண்ணி, கையில் மணியுடன் ஊர் ஊராய் நடந்தார். சிறு பிள்ளைகள் தம்மைச் செபிக்கவும் விடுவதில்லை, உண்ணவும் உறங்கவும் விடுவதில்லை, ஏதாவது ஒரு செபத்தைக் கற்றுக்கொடுத்தால்தான் விடுகிறார்கள் என்று அவரே மடலில் எழுதியிருக்கிறார். திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 ஜனவரியில் எழுதினார். வேலை இல்லாததால் செபிக்க வந்தவர் அல்லர் அவர். நம்மில் யாரும் அவரைவிட அதிக வேலை உள்ளவர்கள் என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவர் 1545-இல் நாகப்பட்டினத்திலிருந்து சாந்தோமுக்கு வந்தார். ஏறக்குறைய நான்கு மாதங்கள் இங்கே தங்கினார். அவர் மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. கிழக்கே மக்காசர் பகுதியில் திருமுழுக்குப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கற்பிக்க ஆள் இல்லை என்ற செய்தி வந்திருந்தது. இங்கே இருக்கும் மக்களை விட்டுவிட்டு அங்கே போகலாமா? போவது ஆண்டவரின் விருப்பமா, அல்லது தம்முடைய சொந்த ஆசையா? இதற்கு விடை தேடித்தான் திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே வந்து உட்கார்ந்தார்.

நாம் இன்று பார்க்கும் உயர்ந்த கோபுரமுள்ள பேராலயம் 1896-இல் எழும்பியது. சவேரியார் காலத்தில் கல்லறை மீது இருந்தது ஒரு சிறிய கோயில்தான். பங்குக் குருவான காஸ்பர் கொயெல்லோ என்பவரின் வீட்டில் அவர் தங்கியிருந்தார். ஊர் அடங்கியபின், இரவு நேரங்களில் எழுந்து தனியாகக் கோயிலுக்குப் போய்ச் செபிப்பார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. பகலில் மக்களைச் சந்திப்பதை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் இரவில் அவருக்கென்று ஒரு நேரமும் ஓர் இடமும் இருந்தன.

அந்த ஆண்டு மே 8-ஆம் தேதி சாந்தோமிலிருந்து அவர் கோவாவுக்கு ஒரு மடல் எழுதினார். கடவுள் தம் உள்ளத்தில் மிகுந்த ஆறுதல் தந்து, தாம் போகவேண்டும் என்பதே அவர் திருவுளம் என்று உணர்த்தியதாக அதில் தெரிவித்தார். இந்த ஆண்டு போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு யாருடைய கப்பலிலாவது போவேன், கப்பலே இல்லாமல் ஒரு கட்டுமரம் மட்டும் புறப்பட்டாலும் ஆண்டவரை நம்பி அதில் ஏறிவிடுவேன் என்ற பொருள்பட எழுதினார். நம் மீனவர்களின் கட்டுமரத்தையே அவர் அந்த மடலில் குறிப்பிடுகிறார். கேள்வியோடு வந்தவர் கட்டுமரத்தில்கூடப் போகத் துணிந்தவராய் எழுந்தார்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் மலாக்காவுக்குப் போனார். ஆனால் மக்காசருக்கு அவர் போய்ச் சேரவே இல்லை! அங்கிருந்து மொலுக்காஸ் தீவுகளுக்குப் போனார், பிறகு 1549-இல் ஜப்பானுக்குப் போனார், 1552-இல் சீனாவின் கரையோரத் தீவு ஒன்றில் உயிர்விட்டார். அப்படியானால் மயிலாப்பூரில் அவர் பெற்ற பதில் தவறா? இல்லை. ஆண்டவர் அவருக்கு முழு வரைபடத்தைக் கொடுக்கவில்லை, அடுத்த அடியைக் காட்டினார். செபத்தில் நமக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அடுத்த அடிதான். அது போதும்.

சவேரியார் பெரிய புனிதர், நாங்கள் சாதாரணக் குடும்பத்துக்காரர்கள் என்று நீங்கள் சொல்லலாம். அதனால்தான் அந்தச் சமையல்கார அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, “நீங்கள் எப்போது படிக்கிறீர்கள், அம்மா?” என்று நானும் கேட்டேன். “தண்ணி வர்ற நேரத்துல, ஃபாதர்” என்றார். அவர்கள் தெருக்குழாயில் அதிகாலையில்தான் தண்ணீர் வரும். நாலரை மணிக்கே குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் வர ஐந்தும் ஆகும், ஐந்தே காலும் ஆகும். மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் தெருவிளக்கின் கீழ் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, கைக்கடக்கமான புதிய ஏற்பாட்டைத் திறந்து, அன்றைய நற்செய்தியை வாசிப்பார். “எப்படியும் காத்திருக்கத்தானே வேணும். அந்த நேரம் என்னுது” என்றார்.

அந்த அம்மாவுக்கு ஓர் அண்ணன். தாயார் இறந்தபிறகு வீட்டு விற்பனைப் பணத்தைப் பங்கு பிரித்ததில் வாய்ச்சண்டை வந்து, எட்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அண்ணன் மகள் திருமணத்துக்குக்கூட இவர் போகவில்லை. ஆனால் அண்ணனுக்காகச் செபிக்காத நாள் இல்லையாம். “ஆண்டவரே, அவர் மனசை மாத்தும்” என்று தினமும் வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

தவக்காலத்தின் முதல் வாரம், வெள்ளிக்கிழமை. அன்றைய நற்செய்தி மத்தேயு 5-ஆம் அதிகாரம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. பலமுறை கேட்ட பகுதிதான். அன்று தண்ணீர் வரத் தாமதமானதால் இரண்டாம் முறையும் வாசித்திருக்கிறார். அப்போதுதான் கண்ணில் பட்டது: உனக்கு அவர்மேல் கோபம் இருந்தால் என்று அங்கே இல்லை. அவருக்கு உன்மேல் வருத்தம் இருந்தால் என்றுதான் இருக்கிறது.

“எட்டு வருஷமா நான்தான் பேசிட்டு இருந்தேன், ஃபாதர். அன்னிக்குத்தான் அவர் பேசி நான் கேட்டேன்” என்றார் அந்த அம்மா.

உடனே அவர் எழுந்து ஓடிவிடவில்லை. மனம் ஒப்பவில்லை. அடுத்த இரண்டு நாளும் அதே வரிகளையே வாசித்தார். தாம் சொன்ன ஒரு கடுஞ்சொல் அவருக்கு நினைவு வந்தது. அதை அவர் மறந்துவிட்டிருந்தார். அண்ணன் மறந்திருக்க மாட்டார். அடுத்த வாரம் ஒருநாள் மத்தியான வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி வியாசர்பாடிக்குப் போனார். அண்ணி கதவைத் திறந்து டீ போட்டுக் கொடுத்தார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. “அம்மா காசு விஷயத்துல நான் அன்னிக்குப் பேசினது தப்பு, அண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அண்ணன் கேட்டார்: “எந்த பஸ்ல போவ?”

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழவில்லை. பழைய கணக்கும் தீரவில்லை. உயிர்ப்புப் பெருவிழா அன்று மாலை அண்ணன் மகன் ஒரு பை பழத்தோடு அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றான். இன்றும் அண்ணன் முழுதாகப் பேசுவதில்லை என்கிறார். ஆனால் அந்த அம்மாவின் செபம் மாறிவிட்டது. “இப்பல்லாம் நான் கொஞ்சமாத்தான் கேக்குறேன், ஃபாதர்” என்கிறார்.

அன்பார்ந்தவர்களே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, இறைமக்கள் எல்லாரும் திருவிவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அந்த வாசிப்போடு செபமும் சேரவேண்டும், அப்போதுதான் அது கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான உரையாடல் ஆகும் என்கிறது. செபிக்கும்போது நாம் அவரோடு பேசுகிறோம், வாசிக்கும்போது அவரைக் கேட்கிறோம் என்ற புனித அம்புரோசின் கருத்தையும் நினைவூட்டுகிறது. வாசிப்பு இல்லாத செபத்தில் நம் குரல் மட்டுமே ஒலிக்கும் ஆபத்து உண்டு. செபம் இல்லாத வாசிப்போ வெறும் படிப்பாகிவிடும். இரண்டும் சேரவேண்டும்.

இதற்கு மூன்று காரியங்களைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, ஒரு நேரம். பத்து நிமிடம் போதும், ஆனால் அது தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். நம் மயிலாப்பூர்த் தெருக்களில் மார்கழி மாதக் குளிரில் விடியுமுன் குளித்து வழிபடக் கிளம்பும் அயலாரைப் பார்க்கிறோம். வைகறைத் தொழுகைக்கு எழும் இஸ்லாமியச் சகோதரர்களையும் பார்க்கிறோம். அவர்களுக்கு மட்டும் ஒருநாளைக்கு இருபத்தைந்து மணி நேரமா இருக்கிறது? இரவுப் பணி பார்க்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கு விடியற்காலை ஒத்துவராது. வேலை முடிந்து வந்து படுக்குமுன் இருக்கட்டும். பாலூட்டும் தாய்க்குக் குழந்தை தூங்கும் நேரம் இருக்கட்டும். எந்த நேரம் என்பதை நீங்களே ஆண்டவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஓர் இடம். கதவை அடைத்துக்கொண்டு மறைவாயிருக்கும் தந்தையை நோக்கிச் செபிக்கச் சொன்னார் இயேசு. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் வாழ்கிறவர்களுக்கு அடைப்பதற்குக் கதவு எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். மொட்டை மாடிப் படிக்கட்டு இருக்கலாம். வேலைக்குப் போகும் வழியில் கோயிலில் நற்கருணைப் பேழையின் முன்னால் பத்து நிமிடம் உட்காரலாம். சாந்தோமில் தோமாவின் கல்லறைச் சிற்றாலயம் இருக்கிறது. லஸ் பகுதியில் பிரகாச மாதா ஆலயம் இருக்கிறது. தி. நகர்க் கடைத்தெரு நெரிசலிலிருந்து சின்னமலைக் குகைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இவ்வளவு புண்ணியத் தலங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் பஸ்ஸில் போகும்போது சிலுவை அடையாளம் போடுவதோடு நிறுத்திவிடுகிறோம்.

மூன்றாவது, ஒரு பகுதி. எங்கே திறப்பது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். திருவழிபாட்டு நாள்காட்டியில் உள்ள அன்றைய நற்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள். நான்கு நற்செய்திகளிலும் சேர்த்து 89 அதிகாரங்கள்தான். நாளுக்கு ஒன்று வாசித்தாலும் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். கண் தெரியாத பாட்டி இருந்தால் பேரப்பிள்ளை வாசிக்கட்டும், இருவருக்கும் நல்லது. கைபேசியில் வாசிப்பவர்கள் கவனமாயிருங்கள். காலையில் இறைவசனம் எழுதிய படத்தை ஐந்து வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். நமக்கு அனுப்பப்பட்ட வசனத்தை நாம் வாசிக்கிறோமா?

எப்படி வாசிப்பது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த குய்கோ என்ற கர்த்தூசியத் துறவி நான்கு படிகளைச் சொன்னார். மெதுவாக வாசியுங்கள். மனத்தில் தைத்த ஒரு சொல்லை அசைபோடுங்கள். அதைப்பற்றி ஆண்டவரிடம் பேசுங்கள். கடைசியில் ஒன்றும் பேசாமல் அவர் முன்னால் இருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம். சிறுவன் சாமுவேலை ஆண்டவர் மூன்றுமுறை கூப்பிட்டும் அவனுக்குப் புரியவில்லை. நான்காம் முறை, பேசும், நான் கேட்கிறேன் என்று அவன் சொன்னபிறகே செய்தி வந்தது.

சில நாள் ஒன்றுமே நடக்காது. தூக்கம் வரும், கடன் ஞாபகம் வரும், நேரம் நகராது. பயப்படாதீர்கள். செபத்தைப் பற்றி எழுதித் திரு அவையின் மறைவல்லுநர் என்று போற்றப்படும் அவிலா நகர்ப் புனித தெரேசா, பல ஆண்டுகள் செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காதுகொடுத்துக்கொண்டிருந்ததாகத் தம் வரலாற்றில் ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் அவர் எழுந்து போய்விடவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளும் உண்டு. அதற்காக யாரும் மறுநாள் குடத்தை வைக்காமல் இருப்பதில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. இப்போது காலைத் திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்பே கோயிலைத் திறந்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். எல்லா நாளும் முடிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முடியாத நாளில், எதையோ இழந்துவிட்டேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முன்பு அதுகூடத் தெரியாமல் இருந்தேன்.

உங்கள் மனத்திலும் ஒரு கேள்வி இருக்கும். மகளின் திருமணம், மகனின் வேலை, பேசாமல் இருக்கும் ஓர் உறவு, விடமுடியாத ஒரு பழக்கம். அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலை பத்து நிமிடம் ஆண்டவர் முன்னால் உட்காருங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். பிறகு நற்செய்தியைத் திறந்துவைத்து, பதிலுக்குக் காத்திருங்கள்.

செபிப்போம்: விடியுமுன் எழுந்து தந்தையைத் தேடிய ஆண்டவரே, எங்கள் வீடுகளின் இரைச்சல் நடுவே உமக்கென்று ஒரு சிறு நேரத்தை ஒதுக்க எங்களுக்கு மனம் தாரும். நாங்கள் பேசி முடித்ததும் எழுந்துவிடாமல், நீர் பேசுவதைக் கேட்கவும், கேட்டபின் எழுந்து அடுத்த அடி எடுத்துவைக்கவும் துணிவு தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.